விகிதம், சதவீதம்: டேட்டா சஃபிஷியன்சி கேள்விகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.பி.ஏ. போன்ற மேலாண்மைப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் வரும் டேட்டா சஃபிஷியன்சி (தரவு போதுமா) கேள்வியில் விடை என்ன என்று யாரும் கேட்பதில்லை. விடை காணத் தேவையான தகவல் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் விகிதமோ சதவீதமோ கண்ணில் பட்டவுடன் கை தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. பள்ளியில் பல வருடம் பழகிய கை அல்லவா?

நான் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில் தவறாகப் போன கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். விகிதம், சதவீதம் சார்ந்த கேள்விகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, கணக்கைத் தவறாகப் போட்டதால் போனவை மிகக் குறைவு. பெரும்பாலானவை இரண்டு இடங்களில் சறுக்கியிருந்தன. ஒன்று, கேள்வி கேட்பது விகிதத்தையா எண்ணிக்கையையா என்று கவனிக்காதது. இன்னொன்று, கொடுத்திருக்கும் சதவீதம் எதன் சதவீதம் என்று கவனிக்காதது. கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த இரண்டு இடங்களைச் சுற்றித்தான்.

தேர்வில் இது எங்கே வருகிறது

ஜிமேட் தேர்வின் புதிய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. அதற்கு முன் கணிதப் பகுதியில் இருந்த டேட்டா சஃபிஷியன்சி, இப்போது டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதிக்கு மாறிவிட்டது. அந்தப் பகுதியில் 20 கேள்விகள், 45 நிமிடம். சராசரியாக ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 15 விநாடி. அட்டவணைகளும் பல பக்கத் தரவுகளும் அதே பகுதியில்தான் வருகின்றன, அவை நேரத்தை விழுங்கிவிடும். அதனால் டேட்டா சஃபிஷியன்சியை 2 நிமிடத்துக்குள் முடித்தால்தான் மற்றவற்றுக்கு மூச்சு விட முடியும். இந்தப் பகுதியில் திரையில் கால்குலேட்டர் உண்டு. அது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாலேயே தேவையில்லாத கணக்கைப் போடத் தூண்டும் என்பதை மனதில் வையுங்கள்.

ஒரு கேள்வி, அதன் கீழ் இரண்டு கூற்றுகள், எப்போதும் மாறாத ஐந்து விடைகள்:

ஏ: கூற்று 1 மட்டுமே போதும், கூற்று 2 தனியாகப் போதாது.
பி: கூற்று 2 மட்டுமே போதும், கூற்று 1 தனியாகப் போதாது.
சி: தனித்தனியாகப் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும்.
டி: ஒவ்வொன்றும் தனியாகவே போதும்.
இ: இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

வேறு தேர்வுகளில் இந்த வரிசை மாறியிருக்கலாம், எனவே வழிமுறையை ஒரு முறை படித்துவிடுங்கள். வரிசை எதுவானாலும் வேலை ஒன்றுதான். கூற்று 1 போதுமென்றால் மிச்சம் ஏ, டி. போதாதென்றால் மிச்சம் பி, சி, இ. முதல் கூற்றை முடித்தவுடன் இந்தப் பிரிவைத் தாளில் எழுதிவிடுங்கள். கடைசி நொடியில் குழம்பாமல் இருக்க இது போதும்.

முதல் படி: கேட்பது விகிதமா, எண்ணிக்கையா?

கூற்றுகளைப் படிப்பதற்கு முன் கேள்வியோடு ஒரு 20 விநாடி இருங்கள். விகிதக் கேள்விகளில் இந்த 20 விநாடிதான் மிக அதிகமாகப் பலன் தருகிறது.

விகிதத்தைப் பங்காக நினைத்துப் பாருங்கள். சிவப்பும் நீலமும் 3:5 என்றால் சிவப்பு 3 பங்கு, நீலம் 5 பங்கு, மொத்தம் 8 பங்கு. ஒரு பங்கு எவ்வளவு என்பது மட்டும் தெரியவில்லை. கேள்வி எண்ணிக்கையைக் கேட்டால், 'ஒரு பங்கு எவ்வளவு?' என்பதுதான் உண்மையான கேள்வி. சிவப்பின் எண்ணிக்கை, நீலத்தின் எண்ணிக்கை, மொத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் ஒரு பங்கு தெரிந்துவிடும், மற்ற எல்லாமும் தெரிந்துவிடும். கேள்வி விகிதத்தையோ சதவீதத்தையோ கேட்டால், ஒரு பங்கின் அளவு தேவையே இல்லை.

இதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம்.

ஒரு தேர்வை எழுதிய குழுவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள விகிதம் என்ன?
கூற்று 1: ஆண்களில் 30%, பெண்களில் 55% தேர்ச்சி பெற்றனர். மொத்தக் குழுவில் தேர்ச்சி 40%.
கூற்று 2: தேர்ச்சி பெற்ற பெண்கள், தேர்ச்சி பெற்ற ஆண்களைவிட 8 பேர் அதிகம்.

கூற்று 1-இல் ஒரு தலைகூட எண்ணப்படவில்லை, எல்லாம் சதவீதம். ஆனால் கேட்டதும் விகிதம்தானே? மொத்தச் சராசரி 40, ஆண்களின் 30-இலிருந்து 10 தள்ளி, பெண்களின் 55-இலிருந்து 15 தள்ளி நிற்கிறது. யார் பக்கம் நெருக்கமோ அவர்கள் அதிகம். ஆண்கள் : பெண்கள் = 15 : 10, அதாவது 3:2. கூற்று 1 போதும். கூற்று 2-இல் 8 என்ற எண் இருக்கிறது, விகிதத்தைக் கட்டிப்போட எதுவும் இல்லை. எனவே விடை ஏ.

இப்போது கூற்றுகளை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்றுவோம்: குழுவில் ஆண்கள் எத்தனை பேர்? கூற்று 1 விகிதத்தைத் தருகிறது, எண்ணிக்கையைத் தரவில்லை. கூற்று 2 எண்ணைத் தருகிறது, விகிதத்தைத் தரவில்லை. சேர்த்தால் 3 பங்கு ஆண்களில் 30% என்பது 0.9 பங்கு, 2 பங்கு பெண்களில் 55% என்பது 1.1 பங்கு. வித்தியாசம் 0.2 பங்கு = 8 பேர். ஒரு பங்கு 40 பேர், ஆண்கள் 120 பேர். விடை சி. கேள்வியில் இரண்டு சொல் மாறியதும் விடை ஏ-யிலிருந்து சி-க்குப் போய்விட்டது.

தேர்வில் 120 வரை போகத் தேவையில்லை. '0.2 பங்கு = 8' என்ற இடத்தில் நிறுத்திவிடலாம். ஒரு பங்கு தெரியும் என்று உறுதியானால் போதும்.

இரண்டாம் படி: சமன்பாடுகளை எண்ணாதீர்கள்

'இரண்டு தெரியாத எண் இருந்தால் இரண்டு சமன்பாடு வேண்டும்' என்பது எல்லோரும் பிடித்துக்கொள்ளும் விதி. விகிதக் கேள்விகளில் இது இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

முதலில், ஒரே சமன்பாடு போதுமானதாக இருக்கும் இடம். அ, ஆ இரண்டும் பூஜ்ஜியமில்லாத எண்கள். 3அ + 2ஆ = 5அ − ஆ என்று ஒரு கூற்று வந்தால், 3ஆ = 2அ, எனவே அ:ஆ = 3:2. ஒரே சமன்பாட்டில் விகிதம் கிடைத்துவிட்டது. காரணம், எல்லா உறுப்பிலும் அ அல்லது ஆ இருக்கிறது, தனியாக நிற்கும் எண் எதுவும் இல்லை. வலப்பக்கம் 4 என்று ஒரு தனி எண் ஒட்டிக்கொண்டால் விகிதம் கைநழுவிப் போய்விடும். வர்க்கம் வந்தாலும் ஜாக்கிரதை: அ² − 5அஆ + 6ஆ² = 0 என்றால் அ என்பது ஆ-வைப் போல 2 மடங்காகவும் இருக்கலாம், 3 மடங்காகவும் இருக்கலாம். இரண்டு விகிதம் சாத்தியம் என்பதால் போதாது.

அடுத்து, இரண்டு சமன்பாடு இருந்தும் போதாத இடம். ஒரு வகுப்பில் மாணவர்கள் எத்தனை பேர்? கூற்று 1: மாணவர், மாணவியர் விகிதம் 2:3. கூற்று 2: வகுப்பில் 40% மாணவர்கள். இரண்டும் ஒரே செய்தி, உடைதான் வேறு. 5 பங்கில் 2 பங்கு என்றால் 40% தானே? சேர்த்தாலும் புதிதாக எதுவும் கிடைக்காது. விடை இ. விகிதம், பின்னம், சதவீதம், 'இத்தனை மடங்கு' என்ற நான்கும் ஒன்றுக்கொன்று வேடம் போட்டுக்கொண்டு வரும். அதனால் எந்தக் கூற்றையும் உடனே பங்குக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இன்னும் நுட்பமான ஒரு வடிவம் உண்டு. அ:ஆ = 3:4 என்று தெரியும். கூற்று சொல்கிறது: அ-வுடன் 6, ஆ-வுடன் 8 சேர்த்தால் விகிதம் மறுபடியும் 3:4. பார்த்தால் புதுத் தகவல் போலத்தான் இருக்கிறது. சேர்த்த 6-ம் 8-ம் தாங்களே 3:4 விகிதத்தில் இருப்பதால், ஒரு பங்கு எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கூற்று உண்மையாகிவிடும். எனவே பயனில்லை. அதே இடத்தில் 'இரண்டிலும் 6 சேர்த்தால் 4:5 ஆகும்' என்று இருந்தால், ஒரு பங்கு 6 என்று ஒரே விடை வரும். சேர்க்கும் எண்கள் பழைய விகிதத்திலேயே இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். இதே குடும்பத்தைச் சேர்ந்தது 'அ-வின் ஆ சதவீதமும், ஆ-வின் அ சதவீதமும் சமம்' என்ற கூற்று. அது எந்த இரண்டு எண்ணுக்கும் எப்போதும் உண்மை. அதில் தகவல் என்று எதுவும் இல்லை.

மூன்றாம் படி: சொல்லாமல் சொல்லும் நிபந்தனை

ஒரு பெட்டியில் சிவப்பு, நீலக் கோலிகள் மட்டும் 3:5 விகிதத்தில் உள்ளன. நீலக் கோலிகள் எத்தனை?
கூற்று 1: மொத்தக் கோலிகள் 30-க்கு மேல், 38-க்குக் கீழ்.
கூற்று 2: மேலும் 8 சிவப்புக் கோலிகளைச் சேர்த்தால் இரண்டு நிறமும் சமமாகும்.

கூற்று 1-ஐப் பார்த்தவுடன் 'ஒரு வரம்பைத்தான் தருகிறது, போதாது' என்று தள்ளிவிடத் தோன்றும். கோலியை உடைத்து எண்ண முடியாது. மொத்தம் 8 பங்கு, அதனால் மொத்தம் 8-இன் மடங்காக இருக்க வேண்டும். 30-க்கும் 38-க்கும் நடுவே 8-இன் மடங்கு 32 மட்டும்தான். நீலம் 20. போதும். கூற்று 2-இல் வித்தியாசமான 2 பங்கு 8 என்று தெரிகிறது, அதுவும் போதும். விடை டி.

இதே கேள்வியில் கோலிக்குப் பதிலாகச் சிவப்புச் சாயமும் நீலச் சாயமும் லிட்டர் கணக்கில் இருந்திருந்தால் கூற்று 1 போதாது. 33.6 லிட்டரும் இருக்கலாமே! ஆட்கள், புத்தகங்கள், கோலிகள் என்றால் முழு எண். எடை, நேரம், தொலைவு, கரைசல் என்றால் எதுவும் வரலாம். கேள்வி இதை எழுதிச் சொல்லாது, நாம்தான் பொருளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

சதவீதத்திலும் இது உண்டு. ஒரு குழுவில் 35% பேர் என்றால் 35/100 = 7/20, எனவே குழுவின் எண்ணிக்கை 20-இன் மடங்கு. 'சுமார்' என்ற சொல் இருந்தால் மட்டும் இந்த வாதம் நிற்காது.

நான்காம் படி: எதன் சதவீதம்?

சதவீதம் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் பக்கத்தில் 'எதில்?' என்று எழுதிப் பாருங்கள். அ-வைவிட ஆ 20% குறைவு என்றால், ஆ-வைவிட அ 20% அதிகம் அல்ல, 25% அதிகம். அடிப்படை மாறுகிறது. டேட்டா சஃபிஷியன்சியைப் பொறுத்தவரை இந்த 20-ம் 25-ம் முக்கியமல்ல. 'ஆ-வைவிட அ எத்தனை சதவீதம் அதிகம்?' என்பது அ/ஆ எவ்வளவு என்ற கேள்விதான், இருவருக்கும் உள்ள விகிதத்தைத் தரும் எந்தக் கூற்றும் போதும். 'அ-வின் 30%, ஆ-வின் 37.5%-க்குச் சமம்' என்று வந்தாலும் போதும். வித்தியாசம் 12 என்று வந்தால் போதாது.

மாற்றச் சதவீதம் மட்டும் தெரிந்து, அடிப்படையின் அளவு தெரியாதபோதுதான் உண்மையான சிக்கல் வரும். எனக்கு மிகவும் பிடித்த வகையும் இதுதான்.

ஒரு நிறுவனத்தின் லாபம் என்பது வருவாய் கழித்தல் செலவு. இரண்டாம் ஆண்டு லாபம் முதல் ஆண்டைவிட அதிகமா?
கூற்று 1: வருவாய் 10% உயர்ந்தது, செலவு 15% உயர்ந்தது.
கூற்று 2: முதல் ஆண்டுச் செலவு, அந்த ஆண்டு வருவாயில் 60%-க்கும் குறைவு.

கூற்று 1-ஐப் பார்த்ததும் 'செலவு வேகமாக ஏறியிருக்கிறது, லாபம் குறைந்திருக்கும்' என்று மனம் முடிவு கட்டிவிடும். எண் போட்டுப் பார்த்தால் தெரியும். வருவாய் 100, செலவு 50 என்றால் லாபம் 50. அடுத்த ஆண்டு 110 − 57.5 = 52.5, கூடியிருக்கிறது. வருவாய் 100, செலவு 90 என்றால் லாபம் 10. அடுத்த ஆண்டு 110 − 103.5 = 6.5, குறைந்திருக்கிறது. போதாது. 10 சதவீதமும் 15 சதவீதமும் வேறு வேறு அடிப்படைகள் மேல் நிற்பதால் அவற்றை நேராக ஒப்பிட முடியாது. கூற்று 2 தனியாக அடுத்த ஆண்டைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சேர்த்தால், வருவாய் 100 என்று வைக்க, கூடிய வருவாய் 10, கூடிய செலவு 60-இல் 15% ஆன 9-ஐவிடக் குறைவு. லாபம் நிச்சயம் கூடியிருக்கிறது. விடை சி.

எண் போட்டுப் பார்க்கும்போது ஒரு நுணுக்கம்: முதலில் வந்த விடைக்கு எதிரான விடை வருமாறு வேண்டுமென்றே எண்ணைத் தேடுங்கள். முதல் எண் 'ஆம்' என்று தந்தால், 'இல்லை' தரும் எண்ணைத் துரத்துங்கள். மூன்று முறை ஒரே பக்கம் விழுந்துவிட்டது என்பதால் மட்டும் அது போதுமானதாகிவிடாது. எல்லையை ஒட்டிய எண்களையும் (மேலே செலவு 60-ஐப் போல) ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: 'இல்லை' என்பதும் விடைதான்

ஆம்/இல்லை கேள்விகளில் உறுதியான 'இல்லை' வந்தால் அந்தக் கூற்று போதுமானது. 'இல்லை' என்று வந்துவிட்டதே என்று கூற்றையே தள்ளிவிடுகிறவர்கள் நிறைய.

ஒரு நிறுவனத்தின் விற்பனை அளவு கூடியதா? கூற்று 1: சந்தையில் அதன் பங்கு 20%-இலிருந்து 25%-க்கு உயர்ந்தது. கூற்று 2: மொத்தச் சந்தை 20% சுருங்கியது. பங்கு உயர்ந்தது என்பதால் விற்பனை கூடிவிட்டது என்று சொல்ல முடியாது, மொத்தமே சுருங்கியிருக்கலாம். கூற்று 2-இல் நிறுவனத்தைப் பற்றி எதுவும் இல்லை. சேர்த்தால், 100-இல் 20 விற்றது முன்பு, 80-இல் 25% ஆன 20 விற்றது இப்போது. கூடவில்லை. உறுதியான 'இல்லை', எனவே விடை சி.

20%-இலிருந்து 25%-க்கு என்பது 5 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் பழைய 20-ஐ அடிப்படையாக வைத்தால் 25 சதவீத உயர்வு. கூற்றில் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: சி-யைத் தொடுவதற்கு முன்

கூற்று 1-ஐப் படித்துவிட்டு கூற்று 2-க்குப் போகும்போது முதல் கூற்று மனதில் ஒட்டிக்கொண்டே வரும். அதை மறைத்துவிட வேண்டும். பயிற்சியில் கையால் மூடியே படியுங்கள், கொஞ்ச நாளில் மனமே மூடிக்கொள்ளும். ஒரே ஒரு உதவி: இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படாது. கூற்று 1-இலிருந்து நீலம் 20 என்றும், கூற்று 2-இலிருந்து நீலம் 10 என்றும் வந்தால் எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள், திரும்பிப் பாருங்கள்.

இரண்டையும் சேர்த்தால் அழகாக விடை வருகிறது என்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். இரண்டில் ஒன்று தனியாகவே போதுமோ?

அமிலக் கரைசல்கள் இரண்டு. முதலாவதில் 20% அமிலம், இரண்டாவதில் 50% அமிலம். இரண்டிலிருந்தும் சிறிது எடுத்துக் கலக்கிறார்கள். கலவையில் அமிலம் 40%-க்கு மேல் இருக்குமா?
கூற்று 1: இரண்டாவது கரைசலிலிருந்து எடுத்தது, முதலாவதிலிருந்து எடுத்ததைவிட அதிகம்.
கூற்று 2: இரண்டாவதிலிருந்து எடுத்தது, முதலாவதிலிருந்து எடுத்ததைப் போல 2 மடங்குக்கும் குறைவு.

கூற்றுகளுக்குப் போகும் முன் கேள்வியைத் திருப்பி எழுதுங்கள். 40 என்பது 20-இலிருந்து 20 தள்ளி, 50-இலிருந்து 10 தள்ளி. கலவை சரியாக 40% ஆக வேண்டுமென்றால் முதலாவதும் இரண்டாவதும் 10:20, அதாவது 1:2 விகிதத்தில் கலக்க வேண்டும். எனவே கேள்வி இதுதான்: இரண்டாவதிலிருந்து எடுத்தது முதலாவதைப் போல 2 மடங்குக்கு மேலா?

இப்போது கூற்று 1: அதிகம் என்கிறது, ஒன்றரை மடங்காகவும் இருக்கலாம், மூன்று மடங்காகவும் இருக்கலாம். போதாது. கூற்று 2: 2 மடங்குக்குக் குறைவு. கேள்விக்கு உறுதியான 'இல்லை'. தனியாகவே போதும், விடை பி. கேள்வியைத் திருப்பி எழுதாதவர் கூற்று 1-இலிருந்து 35%-க்கு மேல் என்றும், கூற்று 2-இலிருந்து 40%-க்குக் கீழ் என்றும் கண்டு, இரண்டையும் சேர்த்து ஒரு வரம்பு கிடைத்த நிறைவில் சி-யைத் தேர்ந்தெடுத்துவிடுவார். அந்த 35% உண்மைதான், ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை.

பயிற்சி எப்படி

ஒரு நாளைக்கு 10 கேள்விகள் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்யுங்கள். முதல் முறை நேரம் வைத்து. இரண்டாம் முறை நேரம் இல்லாமல், கேள்வியை மட்டும் மாற்றி: விகிதத்தைக் கேட்டிருந்தால் எண்ணிக்கையைக் கேளுங்கள், எண்ணிக்கையைக் கேட்டிருந்தால் விகிதத்தை. கோலியைக் கரைசலாக்குங்கள். 40%-ஐ 35% ஆக்குங்கள் (மேலே உள்ள கலவைக் கேள்வியில் இப்படி மாற்றினால் விடை பி-யிலிருந்து ஏ-க்குப் போகும், ஏன் என்று போட்டுப் பாருங்கள்). தவறான கேள்விகளுக்கு நோட்டில் விடையை எழுத வேண்டாம். எங்கே சறுக்கியது என்று மட்டும் ஒரு வரி: 'விகிதம் கேட்டான், எண்ணிக்கையைத் தேடினேன்', 'எதில் என்று பார்க்கவில்லை', 'முழு எண்ணை மறந்தேன்', 'இரண்டும் ஒரே கூற்று', 'சி-க்கு அவசரப்பட்டேன்'. இரண்டு வாரத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அடுத்த 10 கேள்விகளை அந்த வகையிலிருந்தே எடுங்கள்.